பனிமான் நிலையத்தில் தங்கபாய் அத்தை

பாளையங்கோட்டை கெசியாவுக்கு மூன்று நாடுகளிலிருந்து பயிற்சிக்கு வரச் சொல்லி அழைப்பு வந்திருந்தது. கால்நடை மருத்துவம் படிக்கிற பெண்ணுக்கு இது லேசுப்பட்ட விஷயமில்லை. அவள் அப்பா சாமுவேல் துரை தெருமுனையில் மகள் படம் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். எந்த நாடு என்று முடிவாகாததால் மூன்று கொடிகளையும் அச்சடித்திருந்தார்.

எங்கே போவது என்று வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்பா நியூசிலாந்து என்றார். கிரிக்கெட்டைத் தவிர வேறு காரணம் அவரிடம் இல்லை. அம்மா ஜாய்ஸ் குளிரில்லாத நாடாகப் பார்க்கச் சொன்னாள். அப்படி ஒன்று அந்த மூன்றில் இல்லை. கடைசியில் முடிவைச் சொன்னது கெசியாவின் காதில் இருந்த கிள்ளைதான்.

கிள்ளை என்பது காதில் மாட்டுகிற மொழிபெயர்ப்புக் கருவி. எதிரில் இருப்பவர் எந்த மொழியில் பேசினாலும் அது தமிழில் சொல்லும். அது வந்த பிறகு உலகத்தில் யாரும் அடுத்தவர் மொழியைப் படிப்பதில்லை. கெசியா ஏழாவது படிக்கும்போதே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்தை நீக்கிவிட்டு அந்த நேரத்துக்குத் தோட்டவேலை வைத்துவிட்டார்கள். அவளுக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது யெஸ், நோ, வெரி குட். வெளிநாட்டிலும் இதே கதைதான்.

முதலில் வந்த கிள்ளைகளுக்குச் செய்தி வாசிப்பவரின் குரல் ஒன்றுதான் உண்டு. ஸ்பெயின்காரன் காதலைச் சொன்னாலும் வானிலை அறிக்கை மாதிரிக் கேட்டது. பேரம் படியவில்லை, சம்பந்தம் கூடவில்லை. அதனால் இப்போது புதிய கிள்ளை வந்திருந்தது. நேர்காணலுக்காக அப்பா அதைத்தான் வாங்கிக் கொடுத்தார். அது எப்படி வேலை செய்கிறது என்று கெசியாவின் தோழி ஷமீமா அம்மாவுக்கு விளக்கினாள்.

"ஆன்ட்டி, நம்ம ஃபோன்ல இருக்க எல்லாக் குரலையும் இது கேட்டு வச்சுக்கிடும். அப்புறம் பேசுற ஆளப் பாக்கும். அவசரக்காரரா, நிதானமா, எங்க நிறுத்துதாரு, எதுக்குச் சிரிக்காரு, எல்லாத்தையும். நம்ம ஆட்கள்ல அவரப் போல யாரோ, அவங்க குரலையும் பேச்சையும் அவருக்குக் கொடுத்துரும். முன்னப்பின்ன தெரியாதவங்கன்னு நமக்குத் தோணாது பாத்துக்கோங்க."

"அப்போ வெள்ளக்காரன் நம்ம பாஸ்டர் மாதிரி பேசுவானா?" என்று அம்மா கேட்டாள்.

"பாஸ்டர் மாதிரி இழுக்கிற வெள்ளக்காரன்னா பேசுவான்."

முதல் நேர்காணல் நெதர்லாந்து. மாட்டில் பால் கறக்கும் இயந்திரம் செய்கிற கம்பெனி. தலைவர் பெயர் யூரியன். வழுக்கைத் தலையும் கண்ணாடியுமாக இருந்தார். அவர் வாயைத் திறந்ததும் ஆல்வின் அண்ணனின் குரல் வந்தது. ஆல்வின் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவன். ஞாயிற்றுக்கிழமை அவன் முன்வரிசையில் நின்றால் பின்வரிசைப் பெண்கள் பாட்டில் வரியை விட்டுவிடுவார்கள். கெசியாவும் விட்டிருக்கிறாள். தங்க இடம் கிடைக்குமா என்று கேட்டாள். கண்டிப்பா என்றது அந்தக் குரல். அறுவைச் சிகிச்சை பார்க்கலாமா என்றாள். கண்டிப்பா. அவள் காதெல்லாம் சூடாகிவிட்டது.

இரண்டாவது நியூசிலாந்து. ஆட்டுப்பண்ணை வைத்திருந்த அந்த மனிதர் கணக்கு ட்யூஷன் தேவசகாயம் சாராகப் பேசினார். கேள்வி கேட்டு முடிக்குமுன் கெசியா தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். கையையும் நீட்டிவிட்டாள். அதோடு நியூசிலாந்து முடிந்தது.

மூன்றாவது நார்வே. வடகோடியில் பனிமான்களை வைத்து ஆராய்ச்சி செய்யும் நிலையம். தலைமை மருத்துவர் பெயர் ராக்னில். அம்மாவுக்கு அது வாயில் நுழையாததால் ராகினி ஆகிவிட்டாள். ஒரு கிள்ளையை மகள் மாட்டிக்கொள்ள, அதன் ஜோடியை அம்மா மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஆறடி உயர வெள்ளைக்காரி தோன்றினாள்.

"ஏட்டி, சத்தமாப் பேசு. சோறு திங்கலியா?"

அம்மா சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து, "வாங்க மைனி" என்று சொல்லிவிட்டாள்.

அது தங்கபாய் அத்தையின் குரல். தங்கபாய், சாமுவேல் துரையின் அக்காள். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் வீட்டுக்கு வருகிறாள் என்று தெரிந்தால் அப்பா பின்வாசல் வழியாகக் கடைக்குப் போய்விடுவார். கல்யாண வீட்டில் பாயசத்தைக் குடித்துவிட்டுச் சமையல்காரரை வரவழைத்துக் கை நகத்தைக் காட்டச் சொன்னவள் அவள். ராக்னில் அந்தக் குரலில் காலணி அளவு என்ன என்று கேட்டாள். சாணி நாற்றம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டாள். ராத்திரி அழுகை வந்தால் யாருக்கு ஃபோன் போடுவாய் என்று கேட்டாள். படிப்பைப் பற்றிக் கேட்டாளா என்பதே கெசியாவுக்கு நினைவில்லை.

நெதர்லாந்துதான் என்று அம்மாவும் மகளும் முடிவு செய்தார்கள். பதில் எழுதச் சனிக்கிழமை மாலை வரை நேரம் இருந்தது. அன்றைக்கே மதுரையில் ஒரு மருத்துவமனையில் உடல் பரிசோதனையும் செய்ய வேண்டியிருந்தது. எந்த நாட்டுக்குப் போனாலும் அந்தச் சான்றிதழ் வேண்டும். அப்பா ஊரில் இல்லை. ஆல்வின் தன் காரில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான்.

விடிந்ததும் ஆல்வினிடமிருந்து கிளம்பிட்டேன் என்று செய்தி வந்தது. பிறகு பாலத்துகிட்ட வந்துட்டேன் என்று வந்தது. அதன்பிறகு எதுவும் வரவில்லை. பரிசோதனைக்குக் கொடுத்திருந்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கெசியா வாசலில் நின்று நின்று கால் மாற்றினாள். வேறு வழி தெரியாமல் அம்மா தங்கபாய் மைனிக்கு ஃபோன் போட்டாள். கொஞ்ச நேரத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஹாரன் அடித்துக்கொண்டு அத்தையின் கார் வந்து நின்றது.

கயத்தாறு தாண்டும்வரை அத்தை ஆல்வினைத் திட்டினாள். கோவில்பட்டி தாண்டும்வரை அம்மாவைத் திட்டினாள். சாத்தூர் வந்ததும் கெசியாவின் முறை வந்தது.

"அந்த நெதர்லாந்துக்காரன் எங்க தங்க வைக்கப் போறானாம்?"

"கண்டிப்பா ஏற்பாடு பண்ணுதோம்னாரு அத்த."

"எங்கன்னு கேக்கேன்."

அது எங்கே என்று கெசியாவுக்குத் தெரியவில்லை. வேலை என்ன என்று அத்தை கேட்டாள். எல்லாமே கத்துக்கலாம் என்று சொன்னதாகச் சொன்னாள். எல்லாமே என்றால் என்ன என்று அத்தை மறுபடி கேட்டாள். அப்போது ஃபோனில் ஆல்வினின் குரல் செய்தி வந்தது. ஸாரி கெசி, தூங்கிட்டேன், அடுத்த தடவ கண்டிப்பா என்றான். அதே கண்டிப்பா. அதே இழுப்பு, அதற்குப் பின்னால் அதே சின்னச் சிரிப்பு.

கெசியா ஜன்னல் வழியே தீப்பெட்டிக் கம்பெனிகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கிள்ளை அவளை ஏமாற்றவில்லை. அந்த நெதர்லாந்துக்காரர் எப்படிப்பட்டவர் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டது. அவள்தான் குரலைக் கேட்டாளே தவிர ஆளைக் கேட்கவில்லை. யூரியனிடமிருந்து அன்றுவரை ஒரு கடிதம்கூட வரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. நார்வேக்காரியிடமிருந்து மூன்று வந்திருந்தன. ஒன்று கம்பளிக் காலுறை பற்றி.

மருத்துவமனை வராந்தாவில், ரத்தம் எடுத்த கையை மடக்கிக்கொண்டே, மறுகையால் நார்வேக்குச் சம்மதம் எழுதி அனுப்பினாள். அத்தை எட்டிப் பார்த்தாள்.

"நார்வேயா? உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றாள். பிறகு வீடு வரும்வரை குளிரைத் திட்டினாள்.

போய் இறங்கியபோது நார்வேயில் கோடைக்காலம் என்றார்கள். கெசியாவுக்கு நம்பிக்கை வரவில்லை. மலையெல்லாம் வெள்ளையாக இருந்தது, சூரியன் மறைய மறுத்து அடிவானத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் அறைக் கட்டிலுக்குக் கீழே அவள் காலுக்குச் சரியான அளவில் பூட்ஸ் வைத்திருந்தார்கள். ராக்னில் வாசலை அடைத்துக்கொண்டு நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவ்வளவு மெல்லிசா ஒரு ஸ்வெட்டர். வேலைக்கு வந்தியா, இல்ல கல்யாணத்துக்கு வந்தியா?"

அத்தையைச் சமாளித்தவள், இவளையும் சமாளித்துவிடலாம் என்றுதான் கெசியா நினைத்து வந்தாள். ஆனால் ஊரில் அத்தை மாதம் ஒரு முறை வருவாள். வந்தால் ஒளிந்துகொள்ள அம்மாவின் முதுகு உண்டு. இங்கே காலைக் கஞ்சிக்கு அத்தை, தீவனம் அளக்கும்போது அத்தை, கதவை யார் திறந்துபோட்டது என்று கேட்க அத்தை. நிலையத்தில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு மனிதர்கள் கிடையாது.

போதாததற்குக் கிள்ளைக்கு இன்னொரு கிறுக்கும் இருந்தது. மனிதர்போல் நிறுத்தி நிறுத்திச் சத்தம் எழுப்பும் எதையும் அது மனிதர் கணக்கில் சேர்த்துக்கொண்டது. நிலையத்தில் பிஷப் என்று ஒரு கிழட்டு ஆண் பனிமான் இருந்தது. பெரிய கொம்பைத் தூக்கிக்கொண்டு ஆசீர்வாதம் கொடுப்பதுபோல் நடக்கும், அதனால் அந்தப் பெயர். அது கனைத்தால் கெசியாவின் காதில் தாசன் மாமா பேசினார். தாசன் மாமா அம்மாவின் தம்பி, பந்தியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். "வைங்க. இன்னும் கொஞ்சம் வைங்க" என்று பிஷப் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. கெசியாவுக்கு அங்கே இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

நாளாக ஆக, கெசியா ராக்னிலிடம் சரி என்பதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. ராக்னிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கெசியா சமையலறைக்குள் வந்தால் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். தன்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று கெசியா நினைத்தாள். ஊருக்குப் பேசும்போது எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, அந்தப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் பிஷப் எதுவும் கேட்கவில்லை. கெசியா தீவன வாளியோடு நெருங்கியபோதும் வைங்க என்று சொல்லவில்லை. அசைபோடாமல் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. இடப்பக்க வயிறு லேசாக உப்பியிருந்தது. என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. விடியற்காலையில் ராக்னில் புதிதாக வந்த ஈரப் புல்லைத் தாராளமாக அள்ளிப் போட்டதை அவள் பார்த்திருந்தாள். போய்ச் சொல்ல வேண்டும். ஆனால் சொன்னால், நீங்கள் போட்ட புல்தான் காரணம் என்று தங்கபாய் அத்தையின் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். அப்படிச் சொன்னவர் யாரும் அவள் குடும்பத்தில் இதுவரை இல்லை. தானாகச் சரியாகிவிடும் என்று வாளியைக் கழுவப் போனாள். ராக்னில் கொட்டகை வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க வந்தவள்போல் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டு போய்விட்டாள்.

மதியத்துக்குள் பிஷப்பின் வயிறு தவில் மாதிரி ஆகிவிட்டது. அது கீழே விழுந்த சத்தம் கேட்டு இருவரும் இரண்டு பக்கத்திலிருந்து ஓடிவந்தார்கள். மூச்சு முட்டி அது முனகியது. கெசியாவின் காதில் தாசன் மாமா, "முடியல தாயி. என்னய விட்டுராத" என்றார். அவளால் அதைத் தாங்க முடியவில்லை. கிள்ளையைப் பிடுங்கி வைக்கோலில் எறிந்தாள். அதே நேரத்தில் ராக்னிலும் தன் காதிலிருந்ததைப் பிடுங்கி எறிவதைப் பார்த்தாள்.

அதன்பிறகு பேச்சுக்கு வழியில்லை. கெசியா கொம்பைப் பிடித்துத் தலையை உயர்த்தினாள். ராக்னில் குழாயை எடுத்து எண்ணெய் தடவி வாய்வழியாக உள்ளே செலுத்தினாள். பாதியில் சிக்கியது. கெசியா கையை ஆட்டி நிறுத்தச் சொல்லி, கழுத்தைத் தடவிக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினாள். ராக்னில் தலையசைத்துவிட்டு மறுபடி தள்ளினாள். குழாய் உள்ளே போனது. போனதும் பிஷப்பின் வயிற்றிலிருந்த மொத்தக் காற்றும் ராக்னிலின் முகத்துக்கு நேரே வெளியே வந்தது. அவள் தலைமுடி பின்னால் பறந்தது. அந்த நாற்றத்துக்கு இரு மொழிகளிலும் வார்த்தை இருக்காது என்று கெசியா நினைத்தாள்.

பிஷப் எழுந்து நின்று கனைத்தது. வெறும் கனைப்பு. தாசன் மாமா இல்லாமல் அதைக் கேட்பது கெசியாவுக்கு அதுதான் முதல் தடவை. அவள் வேலியில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். ராக்னில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதோ சொன்னாள். கெசியா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை பெரிய உடம்பிலிருந்து வந்த குரல் ஊதல் மாதிரி மெலிதாக இருந்தது, கொஞ்சம் நடுங்கவும் செய்தது. இவ்வளவு நாள் கூட இருந்தும் இந்தப் பெண்ணின் குரலைத் தான் கேட்டதே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இருவரும் வைக்கோலைக் கிளறித் தங்கள் கிள்ளைகளைத் தேடி எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார்கள்.

"காலையிலயே அது அசைபோடலன்னு நீ பாத்தே," என்றாள் ராக்னில். "நீ பாத்தத நானும் பாத்தேன்."

"பின்ன ஏன் மேடம் எங்கிட்ட கேக்கல?"

ராக்னில் பூட்ஸில் ஒட்டியிருந்த சாணத்தைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு தங்கபாய் அத்தையின் குரலில், அத்தை பிறந்ததிலிருந்து சொல்லியே இராத ஒன்றைச் சொன்னாள்.

"உங்கிட்ட பேச எனக்குப் பயம்."

கெசியா கிள்ளை பழுதாகிவிட்டது என்றே நினைத்தாள். ராக்னில் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் சொன்னாள். அவள் காதில் இருப்பதும் புதிய கிள்ளைதான். அதில் கெசியா பேசுவது ராக்னிலின் அப்பாவுடைய தங்கை போர்கிலின் குரலில். சின்ன வயதில் தீவு வீட்டில் அந்த அத்தை கழுவிவைத்த தட்டையெல்லாம் மறுபடி முகர்ந்து பார்ப்பாளாம். இப்போதும் உயிரோடு இருக்கிறாளாம். நேர்காணல் அன்று கெசியா வணக்கம் சொன்னதும் ராக்னில் கையிலிருந்த சிகரெட்டைப் பூந்தொட்டிக்குள் குத்திவிட்டாளாம். கெசியா சரி என்று மட்டும் சொல்லும்போது அத்தை கோபத்தை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நடுங்கினாளாம். அதற்காகத்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாளாம்.

"அப்புறம் ஏன் என்னயத் தேர்ந்தெடுத்தீங்க?"

"வேண்டாம்னு அவகிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல."

ஊரில் நிற்கிற ஃப்ளெக்ஸ் கெசியாவின் நினைவில் வந்து போனது. மார்க்கைப் பார்த்து எடுத்தார்கள் என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தன் காதில் இருப்பது யார் என்று அவளும் சொன்னாள். எப்படிப்பட்டவள் என்று ராக்னில் கேட்டாள்.

"திட்டிக்கிட்டேதான் வண்டி ஓட்டுவாங்க. ஆனா கொண்டுபோய் விட்டுருவாங்க," என்றாள் கெசியா.

பாளையங்கோட்டையில் ஒருத்தி, நார்வேத் தீவில் ஒருத்தி. ஒருவரையொருவர் பார்த்தேயிராத இரண்டு அத்தைகள் சேர்ந்து ஒரு கிழட்டு மானைக் கொல்லப் பார்த்திருக்கிறார்கள். அன்றே இருவரும் கிள்ளையைச் செய்தி வாசிப்பவர் குரலுக்கு மாற்றிக்கொண்டார்கள். பனிமானின் சாணம் வழக்கத்தைவிடத் தளர்வாகக் காணப்படுகிறது என்று ராக்னில் தலைப்புச் செய்தியாக அறிவித்தாள். உணவருந்த வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள் என்று சமையலறையிலிருந்து சொன்னாள். கொட்டகையில் கிள்ளையே வேண்டாம் என்று வைத்தார்கள். வாளி, கயிறு, புல், போதும் என்று ஒவ்வொன்றாகக் கைகாட்டிப் படித்தார்கள். ராக்னிலுக்குத் தமிழில் ழ வரவே இல்லை, ஆனாலும் மழை பெய்யும்போதெல்லாம் முயன்றாள். கெசியா பிஷப்பின் கனைப்பைக் கேட்டே அதற்குப் பசியா சலிப்பா என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள்.

அவள் ஊர் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியபோது பயிற்சிக் காலத்தை நீட்டித்துத் தரச் சொல்லி எழுதினாள். ராக்னில் அதற்கு உடனே சம்மதித்தாள், இந்த முறை பயத்தினால் அல்ல. பனிக்காலம் தொடங்கியது. அடுத்து வரும் மாணவியைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணலுக்குத் தன் பக்கத்தில் உட்காரும்படி கெசியாவைக் கூப்பிட்டாள்.

கானாவிலிருந்து அபெனா என்ற பெண் திரையில் வந்தாள். அவளுக்கும் இரண்டு நாடுகளிலிருந்து அழைப்பு இருந்ததாம், எதை எடுப்பது என்று தெரியவில்லையாம். ராக்னில் கேட்டதற்கெல்லாம் சரளமாகப் பதில் சொன்னாள். கெசியா காலணி அளவைக் கேட்டதும் அவள் நாக்குக் குழறியது. சட்டைக் காலரைச் சரிசெய்தாள், முதுகை நிமிர்த்தினாள். அந்த நிமிர்வு கெசியாவுக்குப் பழக்கமானதாக இருந்தது.

உன் காதில் நாங்கள் யார் குரலில் பேசுகிறோம் என்று கெசியா கேட்டாள். அபெனா தயங்கினாள். அந்த மேடம் எங்கள் பாட்டு வாத்தியார் என்றாள்.

"நானு?"

அபெனா ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். செய்தி வாசிப்பவர் குரல் அவள் பதிலைச் சொன்னது. "தாங்கள் எனது அத்தை."

ராக்னில் மேஜைக்குக் கீழே குனிந்து பேனாவைத் தேட ஆரம்பித்தாள். அவள் தோள் குலுங்கியது. இருபத்தொரு வயதில் தான் ஒருத்திக்கு அத்தையாகிவிட்டதை நம்ப முடியாமல் கெசியா உட்கார்ந்திருந்தாள். உங்கள் அத்தை ரொம்பக் கண்டிப்பானவரா என்று மெதுவாகக் கேட்டாள்.

"அவர் தற்போது எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார்."

திரையில் ஒரு பெரிய தலைக்கட்டு நுழைந்தது. அதன் கீழே ஒரு முகம். அந்த அம்மாள் அபெனாவைத் தோளால் ஒதுக்கிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கெசியாவை நெற்றியிலிருந்து ஸ்வெட்டர்வரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு நீளமாக ஏதோ கேட்டாள்.

"எனது மருமகள் தொப்பி அணியாமல் வெளியே செல்லும் வழக்கமுடையவள்," என்றது செய்தி வாசிப்பவர் குரல். "அங்கே அவளைத் திட்டுவதற்கு யாரேனும் உள்ளனரா?"

ராக்னில் மேஜைக்குக் கீழிருந்து நிமிர்ந்து கெசியாவைப் பார்த்தாள். அபெனாவும் பார்த்தாள்.

"நான் இருக்கேன்," என்றாள் கெசியா.